காம்பஸ் 359-லிருந்து 0-க்குத் தாவும்போது: மாடுலோ (வகுத்தா வர்ற மீதி, %) போதுமா, சைன்-கொசைன் வேணுமா?

துடுப்பு: ஆர்டுயினோ யூனோங்கிற சின்னக் கணினிப் பலகையில் சின்னப் படகு ஒண்ணுக்கு ஆட்டோபைலட் (தானா திசை பிடிச்சு ஓட்டுற புரோகிராம்) எழுதுறேன். போக வேண்டிய திசை 350 டிகிரி, காம்பஸ் காட்டுறது 10. இடப்பக்கம் 20 டிகிரி திரும்பினா போதும். ஆனா புரோகிராம் 350 − 10 = 340னு எடுத்துக்கிட்டு, படகு வலப்பக்கமா கிட்டத்தட்ட முழு வட்டம் அடிக்குது. எப்படிச் சரி பண்றது?

மீதி: ஒரே வரி: (இலக்கு − இப்போ + 540) % 360 − 180. உங்க எண்ணையே போடுங்க. 340 + 540 = 880, 360-ஆல வகுத்தா மீதி 160, அதுல 180 கழிச்சா −20. மைனஸ்னா இடப்பக்கம். முழு எண்ணுல முடியுற வேலை இது.

வட்டம்: அந்த வரியை நம்பாதீங்க. சி மொழியில மைனஸ் எண்ணுக்கு % போட்டா மீதியும் மைனஸ்லதான் வரும். பைத்தான்ல அதே கணக்கு பிளஸ்ல வரும். பைத்தான்ல ஓட்டிப் பார்த்துட்டு யூனோவுக்கு மாத்துறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க. ஜைரோ (திரும்புற வேகத்தை அளக்குற சென்சார்) அளவீட்டைக் கூட்டிக்கிட்டே வர்ற கோணம் 360-க்குள்ள நிக்காது. வித்தியாசம் −730 வந்தா விடை −10 ஆகணும். சி-யில உங்க வரி −370னு சொல்லும். வித்தியாசத்தோட சைனையும் கொசைனையும் ஏடேன்2-க்கு (atan2, சைன், கொசைன்லேர்ந்து கோணத்தைத் தர்ற ஃபங்ஷன்) கொடுத்தா எந்த எண் வந்தாலும் சரியான விடைதான்.

மீதி: அவர் கேட்டது காம்பஸ் பத்தி. 0-லிருந்து 359 வரைக்கும்தான் வரும், 540 கூட்டினா மைனஸுக்கு வாய்ப்பே இல்லை. ஜைரோ வேணும்னா முதல்லயே ஒரு % 360 சேர்த்துக்கலாம். யூனோ ஆர்3 வரைக்கும் உள்ள பலகைகள்ல தசம எண்ணுக்குத் தனி ஹார்ட்வேர் கிடையாது. அதுல சைன், கொசைன் எல்லாமே மென்பொருள்ல ஓடும். ஒரு கழித்தலுக்கு அவ்வளவு செலவு ஏன்?

வட்டம்: காம்பஸ் அளவீடு துடிக்கும், சராசரி எடுத்தே ஆகணும். 359-க்கும் 1-க்கும் சாதாரண சராசரி 180. வடக்கே போற படகுக்குத் தெற்குன்னு சொல்லும்! அதுக்கு சைன், கொசைனைத் தனித்தனியா கூட்டித்தான் ஆகணும்.

மீதி: அவசியமில்லை. முதல் அளவீட்டிலிருந்து ஒவ்வொண்ணும் எவ்வளவு விலகுதுன்னு அதே வரியில எடுத்து, விலகல்களோட சராசரியை முதல் அளவீட்டோட கூட்டி, 360-க்குள்ள கொண்டு வந்தா போதும். அளவீடுகள் வட்டம் முழுக்கச் சிதறினா இது உதவாது. அப்படிச் சிதறினா முதல்ல சென்சாரைப் பாருங்க, மோட்டார் காந்தம் பக்கத்துல இருக்கும்.

பதினாறு_பிட்: ரெண்டுமே வேண்டாம். முழு வட்டத்தை 65536-ஆ பிரிச்சுக்கங்க. 350 டிகிரி 63716, 10 டிகிரி 1820. கழிச்சதை (61896) 16 பிட் மைனஸ் ஏத்துக்கிற எண்ணா (−32768-லேர்ந்து 32767 வரை) படிச்சா −3640, அதாவது 20 டிகிரி இடப்பக்கம். தாவுற வேலையை எண்ணே பார்த்துக்கும்.

துடுப்பு: மீதி சொன்ன வரியைப் போட்டேன், 350-க்கு நேராத் திரும்புது. ஆனா இலக்குக்கு நேர் எதிர்ப்பக்கமா படகை விட்டா, சுக்கான் இடம் வலம்னு மாறி மாறி ஆடுது.

வட்டம்: அது எந்தச் சூத்திரத்துலயும் வரும். வித்தியாசம் 179னா வலம், 181 ஆனதும் −179, இடம். விலகல் 150-க்குக் கீழே இறங்குற வரைக்கும் முதல்ல எடுத்த பக்கத்தையே பிடிச்சு வைங்க. பிஐடி (விலகல், அதோட கூட்டுத்தொகை, மாற்ற வீதம் மூணையும் வச்சுத் திருப்புற முறை) போட்டிருந்தா, மாற்ற வீதத்தை விலகல்லேர்ந்து எடுக்காதீங்க, அந்தத் தாவல்ல அது எகிறிடும். அடுத்தடுத்த ரெண்டு காம்பஸ் அளவீட்டுக்கு நடுவுல எடுங்க.

மீதி: அந்தக் கழித்தலுக்கும் அதே வரிதான்.