புறநகர் அடுக்குமாடி: பிளானைப் பார்த்தே நல்ல வடிவமைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரசமட்டம்:

வணக்கம். நகரம் விரிய விரியப் புறநகரில் எழும்பும் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சில்தான் வருகின்றன. கீழே கார் நிறுத்தம், மேலே நான்கைந்து தளம், பக்கவாட்டில் ஐந்தடி விட்டு மதில், சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் கண்ணாடியும் அலுமினியத் தகடும். நாலு மழைக்காலம் போனால் சன்ஷேடுக்குக் கீழே கறுப்புக் கறை, மேல்தளச் சுவரில் விரிசல், குளியலறையில் சாக்கடை நாற்றம். சிமென்ட், கம்பி எல்லாம் தரமானவை என்று சோதனைச் சீட்டு இருக்கும் கட்டடங்களிலும் இதே கதைதான். அப்படியானால் கோளாறு வரைபடத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அஸ்திவாரம் மட்டும் போட்டிருக்கும் நிலையில் வாங்குபவர் கையில் இருப்பது பிளான்தான். அதில் எந்த இடங்களைப் பார்ப்பது? முகப்பின் அழகை விட்டுவிடுங்கள், அளவுகளாகச் சொல்லுங்கள்.

மூலைமட்டம்:

முதலில் செக்‌ஷன் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்தை நட்டநடுவே வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் படம் அது. விற்பனைக் கையேட்டில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் கட்டாயம் இருக்கும். வாங்கியதும், பக்கத்து மனையில் இதே உயரத்தில் ஒரு கட்டடம் வரும் என்று வைத்துப் பென்சிலால் அதையும் வரையுங்கள். இன்று காலியாகக் கிடக்கும் மனை நாளைக்கும் காலியாக இருக்கும் என்று நம்பி ஜன்னல் வைப்பதுதான் புறநகர்க் கட்டடங்களின் பெரிய குறை.

இருபுறமும் ஐந்தடி விட்டால் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே பத்தடி. எதிர்க்கட்டடம் 50 அடி உயரம், உங்கள் ஜன்னலின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடி என்றால், ஏறத்தாழ 78 டிகிரி அண்ணாந்து பார்த்தால்தான் வானம் தெரியும். அந்த அறையில் பகலிலும் விளக்கு எரியும். 44 அடி உயரத்தில் இருக்கும் மேல்தள ஜன்னலுக்கு அதே கணக்கில் 31 டிகிரி போதும். ஒரே பிளான், ஒரே விலை, ஆனால் இரண்டும் வேறு வேறு வீடு. கீழ்த்தளம் வாங்குகிறவர் கூடத்தின் ஜன்னல் சாலைப் பக்கமோ பின்பக்கத் திறந்த வெளியோ பார்த்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து அறையின் ஆழம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி என்றால், எதிரில் மறைப்பு இல்லாத ஜன்னலுக்கே பயனுள்ள வெளிச்சம் சுமார் 15 அடி வரைதான் போகும். 25 அடி நீளக் கூடத்துக்கு ஒரு முனையில் மட்டும் ஜன்னல் வைத்தால் மறுமுனையில் இருக்கும் சாப்பாட்டு மேசை இருட்டில்தான். ஜன்னல் அகலத்தைக் கூட்டுவதைவிட லிண்டலை (ஜன்னலின் மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) ஓரடி உயர்த்துவது இங்கே அதிகம் பயன்தரும்.

காற்றுக்கு ஒரு கணக்கு. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதி மூடியேதான் இருக்கும். பிளானில் 4 அடி என்று போட்டிருந்தால் திறப்பு 2 அடி. விதியில் கேட்ட பரப்பைத் தாளில் காட்டிவிட்டு, கட்டும்போது கீல் கதவை ஸ்லைடிங்காக மாற்றிவிடுவார்கள். வரைபடத்தில் ஜன்னல் பட்டியல் இருக்கும், அதில் வகையைப் பாருங்கள். ஒரு தளத்தில் நான்கு வீடு என்றால் ஒவ்வொன்றும் மூலை வீடாக அமையும், இரண்டு பக்கம் வெளிச்சுவர் கிடைக்கும். ஆறு, எட்டு என்று போனால் நடுவில் மாட்டும் வீட்டுக்கு ஒரே பக்கம்தான். அங்கே காற்று நுழையலாம், வெளியேற வழியில்லை.

மேற்குச் சுவரைக் கடைசியாக வைத்தேன், ஆனால் வெயில் ஊர்களில் இதுதான் தலைவலி. சூரியன் 60 டிகிரி உயரத்தில் நேர் எதிரே இருக்கும்போது இரண்டடி சன்ஷேட் ஏறத்தாழ மூன்றரை அடிக்கு நிழல் தரும். மாலையில் 30 டிகிரிக்கு இறங்கியதும் அதே சன்ஷேடின் நிழல் ஓரடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நாலடி ஜன்னலில் மீதி முழுக்க நேர் வெயில். நான்கு பக்கமும் ஒரே அளவு சன்ஷேட் வரைந்திருந்தால், வரைந்தவர் திசையை நினைக்கவே இல்லை என்று அர்த்தம். மேற்கில் படிக்கட்டு, குளியலறை, அலமாரிச் சுவர் வர வேண்டும். ஜன்னல் வைத்தே ஆக வேண்டுமென்றால் சின்னதாக வைத்து, செங்குத்துத் தடுப்போ வெளிப்புற மடக்குத் தட்டியோ சேர்க்க வேண்டும். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத்தான் மறைக்கும்.

தூக்குக்குண்டு:

மூலைமட்டம் சார் சொன்ன செக்‌ஷனில் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

முதலாவது, தூண்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் இறங்குகின்றனவா? கீழே கார் திரும்ப இடம் வேண்டும் என்று ஒரு தூணை அங்கே எடுத்துவிட்டு, முதல் தளத்துப் பீமின் மேல் புதிதாகத் தூண் கிளப்பியிருந்தால் அது கெட்ட வடிவமைப்பு. மேல்தளங்களின் எடை முழுதும் அந்தப் பீம் வழியாகச் சுற்றிப் போகிறது. மேல்தளங்களில் சுவர் நிறைந்து, கார் நிறுத்தும் தளத்தில் சுவரே இல்லாமல் இருப்பதும் கவனிக்க வேண்டியது. நிலநடுக்கத்தில் மேல்பகுதி ஒரே பெட்டியாக ஆடும், வளைவு முழுக்கக் கீழ்த்தளத் தூண்களில் விழும். லிப்ட், படிக்கட்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் கீழ்வரை இறங்கியிருந்தால், அவை ஒரே ஓரத்தில் ஒதுங்காமலும் இருந்தால், பெரிய ஆறுதல்.

இரண்டாவது, வெளியே நீட்டிய பால்கனி. கான்டிலீவரில் (ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ள நீட்டல்) முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். 5 அங்குல ஸ்லாபில் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) போகக் கம்பியின் நடு, அடிவிளிம்பிலிருந்து 4 அங்குலத்தில் நிற்கும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது ஓர் அங்குலம் இறங்கினால் தாங்கும் திறனில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். கம்பியின் அடியில் சேர் (வளைத்த கம்பித் தாங்கி) வைத்துத் தாங்கியிருக்கிறார்களா என்று கொட்டுவதற்கு முந்தைய நாளே பார்க்க வேண்டும். கொட்டிய பிறகு பார்க்க முடியாது. ஐந்தடி நீட்டிய பால்கனியின் நுனியில் செங்கல் சுவர் எழுப்பி அறையாக்கும் பழக்கம் புறநகரில் அதிகம். அந்த எடை டிசைனில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மேல்தள விரிசலுக்குக் காரணம் வெப்பம். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீட்டர் நீளும். 10 மீட்டர் நீள மொட்டை மாடி 40 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டர். கீழே இருக்கும் செங்கல் சுவர் வெயில் படாமல் இருக்கிறது, நீளும் அளவும் குறைவு. அதனால் ஸ்லாபுக்கு அடியில் கிடைமட்டமாக ஒரு கோடு விழும். பட்டி வைத்து மூடினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். மொட்டை மாடியில் வெப்பத்தடுப்பு அடுக்கு, அதன்மேல் வெள்ளை ஓடு என்று வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் கம்பிவலை இரு பக்கமும் ஆறாறு அங்குலம் படியும்படி அடிக்க வேண்டும்.

ரசமட்டம்:

இருவருக்கும் நன்றி. சன்ஷேடுக்குக் கீழே வரும் கறையும் குளியலறை நாற்றமும் பிளானில் தெரியுமா? அல்லது வேலை நடக்கும்போதுதான் பிடிக்க முடியுமா?

கேட்வால்வு:

கறைக்கான காரணம் ஒரு சின்னக் காடி. சன்ஷேடின் அடிப்பக்கம், வெளிவிளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலத்தில் நீளவாக்கில் பள்ளம் விட வேண்டும். வழிந்து வரும் மழைநீர் அதைத் தாண்டி ஏற முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லையென்றால் நீர் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டே நகர்ந்து சுவரில் இறங்கும், கூடவே தூசும் பாசியும். சன்ஷேடின் விவரப்படத்தில் இது வரைந்திருக்க வேண்டும். சென்ட்ரிங் பலகையில் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) ஒரு கட்டையை ஆணி அடித்தாலே வந்துவிடும். பின்னால் வெட்டி எடுக்கப் போனால் கவர் குறைந்து கம்பி துருப்பிடிக்கும்.

குளியலறை நாற்றம் முழுக்கப் பிளானில் தெரியும். டக்ட், அதாவது குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளி, அதன் அளவைப் பாருங்கள். ஐந்து தளத்துக் கழிவுக் குழாய்களும் இரண்டடிக்கு இரண்டடி ஓட்டையில் இறங்கினால், ஒரு ஜாயின்ட் ஒழுகினாலும் ஆள் இறங்க முடியாது. கடைசியில் யாரோ ஒருவருடைய டைல்ஸை உடைத்துத்தான் குழாயைத் தொட வேண்டியிருக்கும். குறைந்தது மூன்றடி அகலம், ஒவ்வொரு தளத்திலும் நிற்க ஒரு கிரில், உள்ளே போக ஒரு கதவு வேண்டும். டக்டின் அடியில் வெளிக்காற்று நுழைய வழி இல்லையென்றால் மேலே திறந்திருந்தும் பயனில்லை, காற்று தேங்கிவிடும். அந்த டக்டிலேயே சமையலறை ஜன்னலையும் வைத்திருந்தால் அந்தப் பிளானைத் தவிர்ப்பதே நல்லது.

டிராப்பில் (கழிவுக் குழாயில் நீர் தேங்கும் வளைவு) 2 அங்குல நீர் நிற்பதால்தான் சாக்கடைக் காற்று உள்ளே வராமல் இருக்கிறது. மேல்தளத்தில் பிளஷ் செய்யும்போது குழாயில் இறங்கும் நீர் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கி, கீழ்த்தள டிராப்பின் நீரை உறிஞ்சிவிடும். அதற்குத்தான் காற்று மட்டும் போய்வரும் தனி வென்ட் குழாய். அது மொட்டை மாடிக்கு மேல் போய்த் திறக்கிறதா என்று பிளம்பிங் படத்தில் பாருங்கள். தரைத்தளக் கழிவறையை மேல்தளக் குழாயோடு சேர்க்காமல் நேராகச் சேம்பருக்கு (வெளியே கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி) கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஊற்றும்போது கீழே குமிழி விடும். செங்குத்துக் குழாய் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி பெண்ட் போடாமல் இரண்டு 45 டிகிரி பெண்ட் போடுவது நல்லது.

மூலைமட்டம்:

ஒன்று விட்டுப்போனது, படிக்கட்டு. விற்கும் பரப்பைக் கூட்ட முதலில் கைவைப்பது அங்கேதான். பத்தடி தளத்துக்கு 6 அங்குல உயரத்தில் 20 ஏற்றம் வேண்டும், அதை 16 ஆக்கினால் ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம். வயதானவர்கள் இறங்கும்போது முழங்கால் சொல்லும். இரண்டு ஏற்றத்தின் உயரமும் ஒரு மிதிபடியின் ஆழமும் கூட்டினால் 24 அங்குலத்துக்குச் சற்று மேல் வர வேண்டும், அதைப் பிளானிலேயே சரிபார்க்கலாம். கூடவே, தரையில் 3 அங்குலமும் படியில் ஓர் அங்குலமும் டைல்ஸ் பூச்சு வருமென்றால், கான்கிரீட் ஊற்றும்போதே அந்த வித்தியாசத்தைக் கழித்திருக்க வேண்டும். கழிக்காவிட்டால் முதல் படி 4 அங்குலமாகவும் கடைசிப் படி 8 அங்குலமாகவும் முடியும். தடுக்கி விழுவது அங்கேதான்.

முகப்பு அலுமினியத் தகடு பற்றியும் சொல்ல வேண்டும். இரு தகட்டுக்கு நடுவே பாலிஎத்திலீன் உள்ள வகை எரியும். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ வெளிச்சுவர் வழியே மேலேறி 72 பேர் இறந்ததற்கு அந்த வகைத் தகடு முக்கியக் காரணம். கனிமம் நிரப்பிய, எரியா வகை என்று தயாரிப்பாளரின் சோதனைச் சான்றோடு தந்தால் பார்க்கலாம்.

தூக்குக்குண்டு:

பிளிந்த் உயரத்தையும், அதாவது கட்டடத்தின் தரைமட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். புறநகர்ச் சாலைகளில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவார்கள், ஒரு முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் ஏறும். சாலையிலிருந்து ஓரடி மட்டும் உயர்த்திய கட்டடத்துக்குள் சில சுற்றுகளிலேயே மழைநீர் வந்துவிடும். குறைந்தது இரண்டடி இருக்கட்டும். அந்த உயரத்தைத் தற்போதைய சாலையின் நடுக்கோட்டிலிருந்து அளந்திருக்கிறார்களா, மனையின் மண் மட்டத்திலிருந்தா என்று செக்‌ஷனில் பாருங்கள்.