ஆர் மொழியோட ரேக் பொதி (படத்தைக் கோப்பா எழுதுறது) திடீர்னு திறக்க மாட்டேங்குது, தமிழ் லேபிள் எல்லாம் போச்சு. உதவுங்க

மழைமானி
வணக்கம். ஆர்-ல மாவட்ட வாரியா மழை வரைபடம் போடுறேன், படம் வரையுற ஜிஜிபிளாட்2 பொதியால. முதல்ல எழுத்து வரையுற ஷோடெக்ஸ்ட் பொதியை வெச்சுப் பார்த்தப்ப கொம்பு இடம் மாறி சேலம் "சலேம்"னும் பெரம்பலூர் "பரெம்பலூர்"னும் வந்துச்சு. ரேக்குக்கு மாறினதும் எழுத்து அழகா வந்தது. இப்ப ரேக்கைக் கூப்பிட்டாலே அதுக்குத் தேவையான டெக்ஸ்ட்ஷேப்பிங் பொதியில நின்னுடுது: "லிப்ஹார்ஃபபஸ், அன்டிஃபைன்ட் சிம்பல், எஃப்டி_கெட்_டிரான்ஸ்ஃபார்ம்". மூணு தடவை ரேக்கைத் திரும்ப நிறுவிட்டேன். நாளைக்கு மதியம் கைடுகிட்ட காட்டணும்.

வயல்வரப்பு
விண்டோஸா லினக்ஸா? ஆர் பதிப்பு என்ன?

பொட்டல்காடு
எழுத்தை ஒழுங்குபடுத்துற நூலகங்களான ஹார்ஃபபஸ், ஃப்ரிபிடி ரெண்டோட டெவ் (தொகுக்கத் தேவையான) பொதியையும் ஆப்ட் நிறுவி வழியா போடுங்க. எனக்கு எப்பவும் அதுலதான் சரியாகும்.

கர்னல்கிழார்
பதிப்பு எண் இல்லை, முழுப் பிழைச்செய்தி இல்லை, செஷன் இன்ஃபோ (ஆர், பொதிகளின் பதிப்புப் பட்டியல்) இல்லை. இதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. கேள்வி கேட்கும் முன் இங்குள்ள பழைய இழைகளை ஒருமுறையாவது படியுங்கள். பொட்டல்காடு சொன்னது தொகுக்கும்போது (கம்பைல்) வரும் பிழைக்கான மருந்து. இது ஏற்றும்போது வரும் பிழை.

மழைமானி
மன்னிக்கணும். உபுண்டு 20.04, ஆர் 4.1. டெவ் பொதி ரெண்டும் போட்டுட்டேன், மாற்றம் இல்லை.

பனங்கிழங்கு
பிழைல வர்ற எஃப்டி_கெட்_டிரான்ஸ்ஃபார்ம் ஃபங்ஷன், எழுத்துரு வரையுற ஃப்ரீடைப் நூலகத்தோட 2.11-லதான் வந்தது, 2021-ல. உபுண்டு 20.04-ல இருக்கிறது 2.10.1. அப்ப புது ஃப்ரீடைப்பை எதிர்பார்க்கிற ஹார்ஃபபஸ் ஒண்ணு வேற எங்கிருந்தோ வருது. தனி நூலகங்களோட வர்ற அனகோண்டா போட்டிருக்கீங்களா?

மழைமானி
ஆமா, அதோட சின்ன வடிவம் மினிகோண்டா. டெர்மினல்ல ஓடுறது கோண்டா ஆர். ஆர்ஸ்டூடியோ எடிட்டரை மெனுவுல இருந்து திறப்பேன், அதுல சிஸ்டம் ஆர். ரெண்டும் 4.1தான், அதனால சொல்லலை. டெக்ஸ்ட்ஷேப்பிங் எஸ்ஓ (நூலகக்) கோப்புல, அது எந்த நூலகங்களை எடுக்கும்னு காட்டுற எல்டிடி கட்டளை போட்டுப் பார்த்தேன், எல்லாமே கோண்டா ஃபோல்டரைத்தான் காட்டுது.

பொட்டல்காடு
புது ஃப்ரீடைப் கோப்பைக் கோண்டாவுல இருந்து எடுத்து சிஸ்டம் ஃபோல்டர்ல வெச்சுடுங்க. முடிஞ்சது.

பனங்கிழங்கு
தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. டெஸ்க்டாப்ல எழுத்து வரையுறதே அந்தக் கோப்புதான். கெட்டுப்போனா லாகின் திரையே வராம போகலாம்.

சுடுமணல்
பேசாம லேபிளை ஆங்கிலத்துல போடுங்களேன். கைடுக்குப் புரியாதா என்ன?

வயல்வரப்பு
ஏன் போடணும்? எங்க ஊர்ல விவசாயிகளுக்கு இதே மாதிரி மழைப் படம் காட்டினேன். தமிழ்ல இருந்ததால ஒருத்தர் எழுந்து வந்து தன் வட்டத்து மேல விரல் வெச்சு, "இந்த வருஷம் இங்க இவ்வளவு பெய்யலையே"ன்னார். தேடிப் பார்த்தா ஒரு நிலையத்தோட எண் ரெண்டு தடவை கூடியிருந்தது.

சுடுமணல்
நான் தமிழ் வேண்டாம்னு சொல்லலை. நாளைக்குள்ள முடியணுமேன்னு சொன்னேன்.

கர்னல்கிழார்
நாளைக்குத்தான் கவலை என்றால் ரேக்கே வேண்டாம். ஆரிலேயே படம் எழுதும் பிஎன்ஜி டிவைஸில் டைப் கைரோ என்று கொடுங்கள். லினக்ஸில் அது பாங்கோ என்ற எழுத்து நூலகம் வழியாக எழுதும், கொம்பு இடம் மாறாது. பிடிஎஃப் வேண்டுமென்றால் கைரோ பிடிஎஃப். வெறும் பிடிஎஃப் டிவைஸில் தமிழ் வராது.

பனங்கிழங்கு
நல்ல வழி. ஆனா காரணமும் தெரியணும். மழைமானி, எழுத்துரு தேடுற சிஸ்டம்ஃபான்ட்ஸ் பொதியோட எஸ்ஓ கோப்புலயும் எல்டிடி போடுங்க. கடைசியா எதை அப்டேட் பண்ணீங்க?

மழைமானி
சிஸ்டம்ஃபான்ட்ஸ் காட்டுறது சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கிற ஃப்ரீடைப்! ஆமா, முந்தாநாள் ஆர்ஸ்டூடியோவுல அப்டேட் பட்டனை அமுக்கினேன். ரெண்டு ஆருக்கும் ஒரே லைப்ரரி ஃபோல்டர் இருக்கட்டும்னு, ஆர் தொடங்கும்போது படிக்கிற ரென்விரான் கோப்புல ஆர்_லிப்ஸ்_யூசர் வரி போட்டிருக்கேன்.

பனங்கிழங்கு
அதேதான். டெக்ஸ்ட்ஷேப்பிங் ஏறும் முன்னாடி சிஸ்டம்ஃபான்ட்ஸ் ஏறும். அது இப்ப சிஸ்டம் ஆர்-ல தொகுத்தது, அதனால பழைய 2.10.1 ஃப்ரீடைப்பை உள்ளே கூட்டிட்டு வருது. அடுத்து கோண்டா ஹார்ஃபபஸ் வந்து ஃப்ரீடைப் கேட்கும். அதே பேர்ல, லிப்ஃப்ரீடைப் எஸ்ஓ 6-னு, ஒண்ணு ஏற்கெனவே ஏறியிருக்கிறதால, நூலகங்களை ஏத்துற லோடர் இன்னொண்ணைத் தேடாது. பழசுல அந்த ஃபங்ஷன் இல்லை. எல்டிடி ஒவ்வொரு கோப்பையும் தனியாப் பார்க்குது, அதான் டெக்ஸ்ட்ஷேப்பிங் மட்டும் பார்த்தப்ப எல்லாம் சரியாத் தெரிஞ்சது. ரேக்கை எத்தனை தடவை நிறுவினாலும் சிஸ்டம்ஃபான்ட்ஸ் அப்படியேதான் இருக்கும்.

ரென்விரான்ல அந்த வரியை எடுத்துடுங்க. கோண்டா ஆருக்கு கோண்டா ஃபோர்ஜ் களஞ்சியத்துல இருந்து ஆர்-ரேக் பொதியை நிறுவுங்க. சிஸ்டம் ஆருக்கு ரேக், டெக்ஸ்ட்ஷேப்பிங், சிஸ்டம்ஃபான்ட்ஸ் மூணையும் ஆர்ஸ்டூடியோவுல தனியாத் தொகுங்க. ஒரு ஃபோல்டர்ல ரெண்டு வீட்டுச் சமையல் வேண்டாம்.

பொட்டல்காடு
கோண்டாவையே தூக்கிட்டா இந்த வம்பே இல்லை.

வயல்வரப்பு
எங்க சர்வர்ல ரூட் (நிர்வாகி) அனுமதி கிடையாது. கோண்டா இல்லைன்னா எனக்கு ஆரே இல்லை.

மழைமானி
டெர்மினல்ல சிஸ்டம்ஃபான்ட்ஸை மட்டும் திரும்ப நிறுவினேன், வந்துடுச்சு. சேலம் சேலமாவே இருக்கு. ரொம்ப நன்றி அண்ணா.

பனங்கிழங்கு
சந்தோஷம். அந்த ரென்விரான் வரியை எடுத்தீங்களா? எடுக்கலைன்னா அடுத்த அப்டேட்ல இதே பிழை வரும்.

பனங்கிழங்கு
மழைமானி?