16 த்ரெட் போட்டா 8-ஐ விட மெதுவா ஓடுதே, ஏன்?

காட்பாடி மாணவன்:
லேப் சர்வர்ல 2 சாக்கெட் (தனித்தனி ப்ராசஸர் சிப்), சாக்கெட்டுக்கு 8 கோர். ஓபன்எம்பி (லூப் வேலையைத் த்ரெட்டுகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற முறை) கோடு. பெரிய அரேயைப் படிச்சு, ஒவ்வொரு த்ரெட்டும் கவுண்டர் அரேயில தன் கட்டத்தை மட்டும் கூட்டுது. லாக்கே இல்ல. எங்கே தப்புங்கண்ணா?

ஆற்காட்டார்:
லாக் இல்லன்னாலும் இழுபறி இருக்கு தம்பி. கேஷ் லைன், அதாவது கோருக்குப் பக்கத்துல இருக்கிற வேக மெமரி ஒரே தடவையில எடுக்கிற துண்டு, பொதுவா 64 பைட். 8 பைட் கவுண்டர் எட்டு ஒரே லைன்ல உட்காரும். ஒரு கோர் எழுதினதும் மத்த கோர்கள்ல இருக்கிற அந்த லைன் செல்லாமப் போயிடும், திரும்பக் கேட்டு வாங்கணும். அடுத்த சாக்கெட்ல இருந்து வாங்கினா இன்னும் தாமதம். லூப்புக்குள்ள லோக்கல் மாறியில கூட்டி, கடைசியில ஒரே தடவை அரேயில எழுதுங்க. ரிடக்‌ஷன் போட்டாலும் சரி, த்ரெட் வாரியாக் கூட்டிக் கடைசியில சேர்க்கிறதை ஓபன்எம்பியே பார்த்துக்கும். சந்தேகம்னா லினக்ஸோட பெர்ஃப் சி2சி கருவியை ஓட்டி ஹிட்எம் (இன்னொரு கோர் மாத்தி வெச்ச லைனைப் படிச்ச தடவை) எண்ணிக்கையைப் பாருங்க, கோடுல எந்த வரின்னே காட்டும்.

வாலாஜா:
கவுண்டர் கட்டங்களுக்கு நடுவுல இடைவெளி விடுறதா இருந்தா 128 பைட் விடுங்க. இன்டெல்ல பக்கத்து லைனையும் ஜோடியா இழுக்கிற ப்ரீஃபெட்ச்சர் (டேட்டாவைக் கேட்குறதுக்கு முன்னாடியே கொண்டுவர்ற பகுதி) உண்டு.

அதோட, அந்தப் பெரிய அரேயை மெயின் த்ரெட் மட்டும் நிரப்புதா? லினக்ஸ்ல முதல்ல தொடுற த்ரெட் ஓடுற நோடுலதான் (சாக்கெட்டும் அதோட சொந்த மெமரியும்) பொதுவா பேஜ், அதாவது மெமரித் துண்டு, ஒதுக்கும். அப்போ மொத்த டேட்டாவும் ஒரே சாக்கெட் மெமரியில, மீதி 8 கோரும் அங்கேதான் க்யூ நிக்கும். நிரப்புற லூப்பையும் அதே ஸ்டாட்டிக் ஷெட்யூல்ல (எந்தத் த்ரெட்டுக்கு எந்தப் பகுதின்னு முன்னாடியே பிரிக்கிறது) பேரலலா ஓட்டுங்க. த்ரெட்டுகளைக் கோரோட கட்டிவைக்க மறக்காதீங்க, நகர்ந்துட்டா செஞ்ச வேலை வீண்.