அப்பாவுக்கு மூளை ரத்தக்குழாய் ஸ்கேன்: தஞ்சை, திருச்சி பக்கம் எங்கே எடுக்கலாம்?

வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு 58 வயது. குறுவை நடவு சமயத்தில் மூன்று வாரமாகத் தலைவலியும் காய்ச்சலுமாக இருந்தார். வயல் வேலை அசதி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டோம். ஒருநாள் காலையில் வலது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது, வாயும் லேசாகக் கோணியது.

முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்ததில் மூளைக்காய்ச்சல், அதுவும் காசநோயால் வந்தது என்றார்கள். டிபி நுரையீரலில்தான் வரும் என்று நினைத்திருந்தோம். மூளையின் அடிப்பகுதியில் அழற்சி ஏற்பட்டு, அங்கே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவரும் வீங்கி உள்வழி சுருங்குமாம், அதனால்தான் பக்கவாதம். எம்ஆர்ஏவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) இடதுபக்க நடுப் பெருமூளைத் தமனி, அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு பெரிய குழாய், குறுகியிருப்பது தெரிந்தது.

இப்போது டிபி மாத்திரையும் ஸ்டீராய்டும் போகிறது. சோற்றைப் பிசைய வலது கையைத்தான் நீட்டுகிறார், விரல் மடங்கவில்லை. பார்க்கவே முடியவில்லை.

எம்ஆர்ஏ குழாயின் உள்வழியைத்தான் காட்டும், சுவரில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு 'வெசல் வால் எம்ஆர்ஐ' எடுக்க வேண்டும், 3 டெஸ்லா (காந்த சக்தி கூடிய) மெஷின் நல்லது என்கிறார் டாக்டர். அந்த ஊசிக்குப் பார்க்கும் கிட்னி டெஸ்ட் நார்மல்தான்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் இதை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு ஆனது? முதலமைச்சர் காப்பீட்டில் சேருமா? அப்புறம், இப்படி மடங்காத விரல்கள் பிசியோதெரபியில் தேறியதைப் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை மாதம் ஆனது என்று சொல்லுங்கள். அம்மா தினமும் கேட்கிறாள்.