பச்சையாக இருக்கும்போதே வாடிச் சாகும் வழுதலங்காய்ச் (கத்தரி) செடி, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கருங்கல் வீட்டுத்தோட்டம்
வணக்கம். கிணற்றடியை ஒட்டி வழுதலங்காய், தக்காளி, மிளகாய் போட்டிருக்கிறோம். வீட்டு முன்பக்கம் பிச்சி, கேந்தி (செண்டுமல்லி), செம்பருத்தி நிற்கின்றன. வழுதலங்காய் காய் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு செடி மத்தியானம் தலை தொங்கியது, சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாள் காலையிலேயே தொங்கியது, அப்புறம் எழவே இல்லை. ஒரு இலைகூட மஞ்சளாகவில்லை, பச்சையாகவே துவண்டுவிட்டது. பிறகு பக்கத்துச் செடி, அதற்கடுத்தது என்று மழைத் தண்ணீர் ஓடும் பக்கமாகவே போகிறது. இப்போது தக்காளியிலும் ஆரம்பித்திருக்கிறது. அதே பாத்தியில் நிற்கும் காந்தாரி மிளகாய்க்கு மட்டும் ஒன்றும் இல்லை.

எங்கள் மண் வெட்டுக்கல் கலந்த செம்மண். சாணமும் சாம்பலும்தான் போட்டோம். அம்மா வேப்பம்புண்ணாக்கு கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள், பலன் இல்லை. கடையில் ஒரு பூஞ்சாண மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வாங்கலாமா? மிளகாய்க்கும் முன்னால் நிற்கும் பூச்செடிகளுக்கும் இது பரவுமா? தீயல் குழம்புக்குக் கொல்லையில் போய்ப் பறித்துப் பழகிய வீடு. செடிகள் இப்படிப் போவதைப் பார்க்க அம்மாவுக்கு மனசே இல்லை.

தக்கலை மாடி
இடவப்பாதி (ஜூன் மாத) மழை விடாமல் பெய்ததில் வேர் அழுகியிருக்கும் அக்கா. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைச் சாணத்தில் கலந்து போடுங்கள். பாத்தியை மேடாக்கி, தண்ணீர் தேங்காமல் வடித்து விடுங்கள்.

பூதப்பாண்டி வயக்காடு
வேர் அழுகல் என்றால் முதலில் அடி இலை மஞ்சளாகும். தண்டுப்புழு என்றால் நுனிக்கொழுந்து மட்டும்தான் தொங்கும், கீறினால் புழு இருக்கும். இங்கே முழுச் செடியும் பச்சையாகவே போகிறதே. வாடிய செடி ஒன்றை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பூசணமும் கடுகு மணி போன்ற உருண்டைகளும் தெரிகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.

கருங்கல் வீட்டுத்தோட்டம்
பிடுங்கிப் பார்த்தேன் அண்ணே. பூசணமோ கடுகு மாதிரி எதுவுமோ இல்லை. வேரில் சில இடங்களில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே லேசான பழுப்பு வளையம் தெரிகிறது.

குழித்துறை நாற்றங்கால்
மருந்து வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள் தங்கச்சி, காசு செலவில்லை. இப்போதுதான் வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு முனை மட்டும் முங்கும்படி ஆட்டாமல் அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எதுவும் இறங்காமல் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பூஞ்சாண வாடல் பக்கம் யோசிக்கலாம். இதைப் பார்க்காமல் யார் எழுதிக் கொடுத்ததையும் ஊற்ற வேண்டாம்.

கருங்கல் வீட்டுத்தோட்டம்
செய்து பார்த்தேன் அண்ணே. பால் மாதிரிதான் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் டம்ளர் தண்ணீரே கலங்கிவிட்டது.

குழித்துறை நாற்றங்கால்
அப்படியென்றால் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற மண் பாக்டீரியாதான். வேரிலுள்ள காயம் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துவிடும். இலைக்குத் தண்ணீர் வராததால், மஞ்சளாக நேரம் கிடைக்கும் முன்பே செடி துவண்டுவிடுகிறது. நீங்கள் பார்த்த முடிச்சு நூற்புழு வேலை. அது துளைக்கும் ஓட்டை பாக்டீரியாவுக்கு வாசல். 30 டிகிரிக்கு மேல் சூடும் மண்ணில் ஈரமும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் புளிப்பு மண்ணில் மழைக்காலத்தில் நிறைய பார்க்கிறோம்.

பூஞ்சாண மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது, வாங்காதீர்கள். நோய் ஏறிய செடியைப் பிழைக்க வைக்கும் மருந்தும் கிடையாது. வாடியதை வேரோடும் சுற்றிய மண்ணோடும் எடுத்து, காய வைத்து எரியுங்கள். உரக்குழியில் போடவே கூடாது. அந்தப் பாத்தியில் கொத்திய மம்பட்டியைக் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டு அப்புறம் அடுத்த பாத்திக்குப் போங்கள். நோய் தண்ணீர் ஓடும் பக்கமாகப் போவதை நீங்களே சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், அதனால் அந்த ஓட்டத்தை இன்றைக்கே ஒரு வரப்பு போட்டு மறியுங்கள்.

மிளகாய்க்கும் வரலாம். அந்த இடத்தில் இஞ்சியும் வைக்காதீர்கள், அதற்கும் இதே கூட்டத்து பாக்டீரியா உண்டு. பிச்சியையும் செம்பருத்தியையும் இது வழக்கமாகத் தொடுவதில்லை. ஆனால் பூச்செடி என்றால் முழுக்கத் தப்பிக்கும் என்று எண்ண வேண்டாம். 2015இல் நெதர்லாந்துப் பசுமைக்குடில் ரோஜாக்களிலேயே இந்தக் கூட்டம் புகுந்தது. அதனால் அந்த மண்ணை அள்ளிப் பூத்தொட்டியில் நிரப்பாதீர்கள்.

தக்கலை மாடி
நான் நினைத்தது வேறு, நல்ல வேளை சோதனை செய்தீர்கள். அண்ணே, அந்த இடத்தை இனி சும்மா போட வேண்டியதுதானா?

குழித்துறை நாற்றங்கால்
சும்மா ஏன் போட வேண்டும்? வெண்டை, பயறு, தண்டங்கீரை, சோளம் எல்லாம் போடலாம். கத்தரிக் குடும்பத்தை மட்டும் இரண்டு மூன்று வருடம் அங்கே கொண்டுவராதீர்கள். இந்த பாக்டீரியா மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வெயில் ஏறும்போது பாத்தியை நன்றாக நனைத்து, தெளிவான பாலிதீன் தாளால் மூடி, ஓரத்தை மண்ணில் புதைத்து, ஒரு மாதம் ஒன்றரை மாதம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், தெளிந்த தாளில்தான் சூடு மண்ணுக்குள் இறங்கும். முழுக்க அழியாது, நன்றாகக் குறையும். புளிப்புக்கு நீற்றுச் சுண்ணாம்பு போடுங்கள், ஆனால் சாணத்தோடு சேர்த்துப் போடாமல் இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

தோவாளை பூந்தோட்டம்
வேர் முடிச்சு என்று சொன்னதால் எழுதுகிறேன் மக்களே. அந்தப் பாத்தி முழுக்கக் கேந்தி போடுங்கள். நூற்புழுவை அடக்கும் சத்து அதன் வேரில் இருக்கிறது. ஓரத்தில் ரெண்டு செடி வைத்தால் போதாது. பாத்தியை நிறைத்து நட்டு, பூ ஓயும் வரை விட்டு, அப்புறம் அங்கேயே மண்ணில் மடக்கிக் கொத்துங்கள். நாற்று வேர் பிடித்து ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்து நிறைய பூக்கும். நட்ட ரெண்டு மாதத்தில் பூ வந்துவிடும். ஓணத்துக்கு எங்கள் சந்தையில் கேந்தியைத் தேடித்தான் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். வீட்டு முற்றத்து அத்தப்பூக் கோலத்துக்கு உங்கள் பாத்தியே தாராளம்.

கருங்கல் வீட்டுத்தோட்டம்
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாடியதையெல்லாம் எடுத்து எரித்தாகிவிட்டது, வரப்பும் போட்டோம். அந்த இடத்தில் கேந்தி என்றதும் அம்மா முகத்தில் கொஞ்சம் தெளிச்சம் வந்தது. ஆனால் வழுதலங்காய் இல்லாமல் முடியாது என்கிறார்கள். வீட்டுக்கு மேற்கே, தண்ணீர் ஓட்டம் படாத இடத்தில் வைக்கலாம் என்று பார்க்கிறோம். எந்த ரகம் தாங்கும்?

பூதப்பாண்டி வயக்காடு
கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா மூன்றும் இந்த வாடலைத் தாங்கும். சூர்யா ஊதா உருண்டை, ஸ்வேதா வெள்ளை, ஹரிதா நீளமான இளம்பச்சை. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா இருக்கின்றன. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கும் நல்லது. மிளகாய்க்கு உஜ்வலா, கொத்தாக மேல்நோக்கிக் காய்க்கும். உங்களுக்குத் திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி தூரமில்லை, அங்கே விதை கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம்.

குழித்துறை நாற்றங்கால்
பழைய நாட்டு ரகமே வேண்டும் என்று அம்மா சொன்னால் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டுங்கள். சுண்டை வேரை இந்த வாடல் எளிதில் பிடிக்காது. சுண்டை விதை முளைத்து வர ரொம்ப நாள் எடுக்கும், அதனால் கத்தரி விதைக்குச் சில வாரம் முன்னாலேயே பாவிவிடுங்கள். இரண்டு தண்டும் ஒரே பருமன் வந்ததும், சுண்டைத் தண்டைப் பிளந்து கத்தரி நுனியைச் செருகும் பிளவு ஒட்டு வைத்து, கிளிப் போட்டு, சில நாள் ஈரக்காற்றில் நிழலில் வையுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். மண் அணைக்கும்போது ஒட்டை மூடினால் கத்தரித் தண்டு தன் சொந்த வேரை மண்ணில் இறக்கிவிடும், அப்புறம் ஒட்டுக் கட்டியதே வீண். ஒட்டுக்குக் கீழே வரும் சுண்டைத் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். மிளகாயைச் சுண்டையில் ஒட்டினால் சேராது, அதற்கு ரகம் மாற்றுவதுதான் வழி.

நடுவதற்கு முன் நாற்றின் வேரை, லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்து நனைத்து எடுங்கள். ஒட்டு நாற்று ஒன்றிரண்டு என்னிடம் மீதி இருக்கும், குழித்துறைப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.