வேண்டுமென்றே செய்தார்கள் என்று எப்படி நிரூபிப்பது?

பாரிமுனை வக்கீல்: மரண தண்டனை விதிக்கப்பட்ட கறுப்பினத்தவரான மெக்கிளெஸ்கியின் வழக்கை ஜூனியர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். 1987, அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஜார்ஜியாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளைப் பேராசிரியர் பால்டஸ் குழு அலசியது. செத்தவர் வெள்ளையர் என்றால், கறுப்பினத்தவர் செத்த வழக்கைவிட மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு. கணக்கு சரியாகவே இருக்கட்டும், உன் வழக்கில் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதை நிரூபி என்று ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் கணக்கில் தள்ளுபடி. நியாயமா?

மயிலாப்பூர் மணி: நியாயம்தான் சார். அவர் மீதான வழக்கு ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. மடங்குக் கணக்கை வைத்து இதைக் கலைத்தால் ஜார்ஜியாவில் எந்தத் தீர்ப்பு மிஞ்சும்?

தமிழினி: நீதி அதிகமாகிவிடுமோ என்ற பயம் இது என்று நீதிபதி பிரென்னன் அப்பவே குத்தினார். பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய பவலே, ஓய்வுக்குப் பிறகு, என் வாக்கை மாற்ற முடிந்தால் இதில்தான் மாற்றுவேன் என்றார். 1991-இல் மெக்கிளெஸ்கியை மின்சார நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஃபாஸ்டர் வழக்கு தெரியுமா? கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து கழிக்க, அரசுத் தரப்பு வைத்திருந்த பட்டியலில் அவர்கள் பெயர்மேல் பச்சை மார்க்கர், பக்கத்தில் 'பிளாக்' என்பதற்கு 'பி'. விசாரணை 1987, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2016. இப்படிக் கைப்பட எழுதி வைத்தால்தான் ஆதாரமா?

மயிலாப்பூர் மணி: எழுதினது சிக்கியது, ஃபாஸ்டர் ஜெயித்தார். அப்புறம் என்ன குறை? நம்ம வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்கூட 2016 திருத்தத்துக்குப் பிறகு, பெரிய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்து செய்தாலே போதும் என்று தளர்த்தியாச்சு.

பாரிமுனை வக்கீல்: அது குற்றவாளி மனசு, மணி. நான் கேட்பது போலீஸ் மனசு. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் பாருங்கள். அதிகாரி கடமையை 'வேண்டுமென்றே' புறக்கணித்திருக்க வேண்டும். வழக்குப் போடத் துறை விசாரணை வேறு பரிந்துரைக்க வேண்டும். வன்கொடுமைப் புகார் கொடுக்கப் போன என் கட்சிக்காரர் ஒருவருக்கு, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். வாரக்கணக்கில் இழுத்தது. கேட்டால் தேர்த் திருவிழா பந்தோபஸ்தாம். அதே நாட்களில் பைக் திருட்டுக்கு உடனே எஃப்.ஐ.ஆர். விழுந்திருக்கிறது. இதில் உள்நோக்கத்தை எங்கே போய்த் தேட?

ராயபுரம் ஏட்டு (ஓய்வு): வக்கீல் சார், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, பைக்காரன் ஸ்டேஷனை விட்டு நகர மாட்டான். எல்லாத்துக்கும் சாதிச் சாயம் பூசாதீங்க. ஆனா யார் வந்தா நாற்காலி போடுவாங்க, யாரை நிக்க வைப்பாங்கன்னு எனக்கும் தெரியும்.

தமிழினி: ஏட்டய்யா, இதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? அதனால்தான் கலிஃபோர்னியா 2020-இல் தனிச் சட்டம் போட்டது. இனப் பாகுபாட்டை நிரூபிக்க உள்நோக்கம் காட்ட வேண்டாம், புள்ளிவிவரமும் செல்லும்.

மயிலாப்பூர் மணி: வட கரோலினா 2009-இல் அப்படி ஒன்று கொண்டுவந்து 2013-இல் ரத்து செய்ததையும் சொல்லுங்கள்.

தமிழினி: நாலு பேருக்கு மரண தண்டனை ஆயுளாக மாறிய பிறகு ரத்து செய்தார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.