புதுப்பிப்பு: தக்காளி இலை மஞ்சளானதற்குக் காரணம் ஜல்லிதான்

500 லிட்டர் தொட்டியில் ஜிலேபி மீன், அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும் ஜல்லிப் படுகையில் தக்காளி. மீன்கள் நன்றாக இருந்தும் கொழுந்து இலைகள் வெளுக்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள்.

இரும்புச்சத்துக் குறைவு என்று பலரும் சொன்னீர்கள். சரிதான். ஆனால் செலேட் இரும்பு (செடி எளிதாக எடுக்கும்படி கரையும் வடிவில் உள்ள இரும்பு உரம்) போட்டும் பலனில்லை. அப்புறம்தான் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) பார்த்தேன்: 8.2. அவ்வளவு காரத்தில் செடியால் இரும்பைச் சரியாக எடுக்க முடியாது.

ஜல்லியில் நாலைந்து கல்லை எடுத்து வினிகர் விட்டேன். கருங்கல் சும்மா கிடந்தது. வெளிர் நிறக் கற்கள் இரண்டும் நுரைத்துப் பொங்கின. சுண்ணாம்புக் கல்! அதுதான் கரைந்து கரைந்து பி.எச். இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

ஜல்லியை ஒரேயடியாக மாற்றவில்லை. மீன் கழிவிலிருந்து வரும், மீனுக்கே நஞ்சான அம்மோனியாவைச் செடிக்கு உணவான நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அந்தக் கல்லில்தானே ஒட்டியிருக்கிறது? பாதியை மாற்றி, மூன்று வாரம் விட்டு மீதியை மாற்றினேன். கழிவு குறையட்டும் என்று மீனுக்குத் தீனியையும் குறைத்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

இப்போது பி.எச். 7. வெளுத்த இலைகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் நேற்று விரிந்த கொழுந்து முழுப் பச்சை. பார்த்துக்கொண்டே நின்றேன்.